திரும்பி வராத தகடுகள்

கண்ணாடித் தகட்டைத் துடைப்பதற்குப் பழைய வேட்டித் துணியைவிடச் சிறந்தது வேறில்லை. புதுத்துணி நூல் விடும். செடெனாக் ஊருக்கு அப்பாலுள்ள ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பதினோர் ஆண்டுகளாக நான் டிரெசர்; கட்டுக் கட்டுவதும் மருந்து கொடுப்பதும் என் வேலை. விசாரணைக்கு வந்திருக்கும் தாங்கள் தகடுகளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள்.

துரையின் பங்களாவிலோ, கணக்கெழுதும் கிராணி வீட்டிலோ எவருக்கேனும் உடம்பு சுட்டால், அன்றே விரலில் குத்தி, இரத்தத்தைத் தகட்டில் தடவி, நகரத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவேன். லயக் குடியிருப்பின் கூலி மக்களுக்கு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதே வழக்கம். அவ்வழக்கத்தை ஏற்படுத்தியவன் நானல்லன்.

1927 மார்ச்சில் லயங்களில் காய்ச்சல் மிகுந்தது. காய்ச்சல்காரர் முப்பத்தாறு பேருக்கும் ஆளுக்கொரு தகடு அனுப்புமாறு உத்தரவு வந்தது. விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் அவசரத்தில் இரத்தம் எடுத்தேன். பால்மரம் வெட்டும் விரல்கள் காய்ப்பேறியவை. குளிர்காய்ச்சலில் அவை நடுங்கவும் செய்தன. பூச்சு திட்டுத்திட்டாக விழுந்தது. தகடுகள் அனைத்தும் திரும்பி வந்தன. தயாரித்தவர் பயிற்சியற்றவர் என்று சிவப்பு மையில் குறித்திருந்தார்கள். அதுவரை என் தகடு ஒன்றேனும் திரும்பியதில்லை.

மறுமுறை நான் எவரையும் அழைக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, நடுங்காத ஒரே விரலிலிருந்து முப்பத்தாறையும் தயாரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரை எழுதினேன். எவருக்கும் மலேரியா இல்லையென முடிவு வந்தது. பூச்சின் சீர்மையைப் பாராட்டியுமிருந்தார்கள். முடிவின்படி, அவர்களுக்குக் காய்ச்சல் மருந்தான கொயினா கொடுப்பதை நிறுத்தினேன்.

பட்டியலிலிருந்த காளியப்பனின் மனைவி வெள்ளையம்மா மருந்து கேட்டு வந்தாள். காகிதத்தைக் காட்டினேன்.

"கடுதாசியில இல்லன்னா காய்ச்சல் எறங்கிருமாங்கய்யா? கிராணி வீட்டுப் புள்ளைக்கு ரெண்டு தடவ குத்திப் பாத்தீங்க. எங்க ரத்தம் என்ன, வேற நெறமா?"

முடிவு வந்துவிட்டது என்றேன்.

"மொதல்ல எடுத்தது வீணாப்போச்சுன்னாங்க. அப்புறம் எப்ப எடுத்தீங்க? இவரு பாயவிட்டு எந்திரிக்கவே இல்லையே."

கேள்வி நியாயமானது. அலமாரியில் கொயினாவும் இருந்தது. கொடுத்து அவன் தேறியிருந்தால், முடிவு பிழையென்றாகும். தகட்டிலிருந்தது எவருடைய இரத்தம் என்ற கேள்வி எழும். அவளை வரிசையைவிட்டு விலகச் சொன்னேன்.

காளியப்பன் வியாழக்கிழமை இறந்தான். மே முடிவதற்குள் அந்தப் பட்டியலில் மேலும் பதின்மூவர் இறந்தனர்.

லயத்தாருக்காக நான் ஒன்றும் செய்யவில்லை என்று வெள்ளையம்மா தங்களிடம் கூறியிருக்கிறாள். முப்பத்தாறு தகடுகளிலும் இருந்தது என் இரத்தம். அவர்கள் ஒவ்வொருவருக்காகவும் நான் ஒரு துளி கொடுத்திருக்கிறேன். அதையும் தாங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.