தட்டு காலி

— சட்டையைக் கழட்டுங்கன்னு மூணு தரம் சொல்லிட்டேன். மூணு நாளா இதே சட்டை. பட்டறை நாத்தமே பரவாயில்லை.

— இந்தா, பிடி. நீ துவைச்சுட்டு வர்றதுக்குள்ள அடுத்த வண்டியைப் பிரிச்சுடுறேன்.

— ஒண்ணும் பிரிக்க வேண்டாம். ஒரு மணி நேரம் கண்ணை மூடுங்க. கண்ணு ரெண்டும் ரத்தமாச் சிவந்து கிடக்கு.

— தூங்குறவன் தொழில் பண்ண முடியாதும்மா. நம்ம பட்டறை மூக்கன் இருக்கானே, பஸ்ஸுக்கு அடியில படுத்து, கையில ஸ்பானரோட குறட்டை விட்டான். வீட்டுக்குப் போடான்னு காலையிலேயே துரத்திட்டேன்.

— அவரும் உங்களோட ரெண்டு ராத்திரி முழிச்சவர்தானே? நீங்க மாட்டினா அவர் தொட்டுப் பார்க்கணும், அவர் மாட்டினா நீங்க. அதானே உங்க வழக்கம்? இன்னிக்குப் போன பஸ்ஸை யாரு தொட்டுப் பார்த்தது?

— என் தட்டு இருக்கே! கழட்டுற நட்டு, பின் எல்லாம் தட்டுல. மாட்ட மாட்டக் குறையும். தட்டு காலின்னா வண்டி ரெடி. பதினஞ்சு வருஷத்துல ஒரு தப்பு உண்டா?

— ரொம்பப் பீத்திக்காதீங்க. நேத்து கிரீஸ் துணியைக் காபி டம்ளருக்குள்ள முக்கினது யாரு?

— அது ஏதோ யோசனையில.

— நம்ம பொண்ணு சிட்டு போற பள்ளிக்கூட பஸ்ஸுங்க அது.

— அதனாலதானே நானே மாட்டினேன்! பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள வேணும்னு டிரைவர் தலைமேல நின்னான். கவலையை விடு. மதியம் ஒரே ஒரு தடவை கண்ணு சொக்கி, தட்டைத் தட்டி விட்டுட்டேன். சிதறினதை ஒண்ணு விடாம பொறுக்கிட்டேன்.

— பொறுக்கி?

— தட்டுலதான் போட்டிருப்பேன். வேற எங்க போடுவேன்?

— போட்டிருப்பேனா? போட்டீங்களா, இல்லையா?

— ஏய், போலீஸ் மாதிரி கேக்காத. முடிக்கும்போது தட்டு காலி. அவ்வளவுதான்.

— என்னங்க... இந்தச் சட்டைப் பையில என்னமோ இருக்கே.

— ஏதாவது பழைய பின்னா இருக்கும். தூக்கிப் போடு.

— பழசா? பளபளன்னு இருக்கு.

— எங்க, காட்டு.

— ஏங்க, எதோட பின் இது?

— பிரேக் பெடலுக்கு அடியில ஒரு கம்பி வரும். அது கழண்டுக்காம பூட்டுற பின்.

— இது இல்லாம எப்படிங்க வண்டி இங்கேருந்து போச்சு?

— கொஞ்ச தூரம் போகும். மிதிக்க மிதிக்க, ஆடி ஆடித்தான் கழலும். மணி என்ன?

— நாலு பத்து. ஐயோ, பள்ளிக்கூடம் விட்டிருக்கும். வர்ற வழியில அந்தப் பாலத்து இறக்கம் வேற...

— டிரைவருக்குப் போன் போடு. சீக்கிரம்!

— போட்டுட்டேன்... ரிங் போகுது. எடுத்தாச்சு! இந்தாங்க, பேசுங்க!

— யோவ் டிரைவரு, வண்டியை நிறுத்துய்யா! எங்க இருக்கியோ அங்கேயே நிறுத்து!

— அப்பா, நான் சிட்டு! டிரைவர் மாமா ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்காரு, அதான் நான் எடுத்தேன்.

— சிட்டு, மாமாவை உடனே வண்டியை நிறுத்தச் சொல்லும்மா!

— அதைத்தாம்ப்பா அவரும் பண்றாரு. மிதி மிதின்னு மிதிக்கிறாரு.