இடிக்குருவி நட்சத்திரம் வைக்கும் காட்சி

“தொப்பி போட மாட்டேன்னா போட மாட்டேன், ஜோஸ்லின். குஞ்சம் வச்ச தொப்பியோட எந்த வீரனாவது—”

“பண்டிகை எபிசோடுப்பா இது. தலையில ஒரு துளி சிவப்பு கூட இல்லாம நீ பறந்து வந்தா—”

“ஊரையே காப்பாத்துறவன் நான். குஞ்சத்தோட பறந்தா கோழி கூட சிரிக்கும்.”

“சிரிக்கட்டுமே. அழ வைக்கவா எடுக்கிறோம்?”

“அரிக்குது ஜோஸ்லின், புரிஞ்சுக்க—”

அரிக்கத்தான் செய்யும். ஆகஸ்ட் வெயிலில் கம்பளித் தொப்பி யாருக்குத்தான் அரிக்காது. அதைப் பின்னியவள் நான், எனக்குத் தெரியாதா. எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள் என்று சொன்னீர்கள். இந்தத் தொப்பிச் சண்டையிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று படுகிறது. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

என் பெயர் வெர்னா கொவால்சுக். ‘இடிக்குருவி’ தொடரில் உடை மாட்டிவிடும் வேலை. தொப்பி வேண்டாம் என்ற லாக்லன்தான் கதாநாயகன். ஜோஸ்லின் இயக்குநர். டிசம்பரில் டிவியில் வரும் கிறிஸ்துமஸை நாங்கள் வருஷா வருஷம் கோடையிலேயே கொண்டாடிவிடுவோம். பர்னபியில் ஸ்டுடியோவுக்குப் பின்னால் கடைத்தெரு மாதிரி செட் போட்டு, நடுவில் பெரிய மரம் நட்டு, பொடிப்பொடியாக வெட்டிய காகிதத்தைப் பனியாகக் கொட்டுவார்கள். கேமராவுக்கு முன்னால் நிற்பவர்களுக்கு மஃப்ளரும் கையுறையும், பின்னால் நிற்பவர்களுக்கு அரைக்கால் சட்டை. காட்டுத்தீப் புகை வேறு. அதையும் ஜோஸ்லின் விடவில்லை. “மூடுபனி இலவசமா கிடைச்சிருக்கு, எடு எடு” என்றாள்.

இந்தத் தடவை கதையில் ஒரு கடிகாரக்காரன் வருகிறான். கிறிஸ்துமஸ் முடியவே கூடாது என்று ஊரிலுள்ள கடிகாரங்களை எல்லாம் நிறுத்திவிடுகிறான். அவன்தான் வில்லன். இடிக்குருவி அவனைத் தோற்கடித்து, கையில் நட்சத்திரத்தோடு வானத்திலிருந்து இறங்கி, மரத்தின் உச்சியில் அதை வைக்கிறான். கீழே குழந்தைகள் பாடுகிறார்கள். அதோடு முற்றும். எபிசோடு மட்டுமல்ல, தொடரே முற்றும். சேனலிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கடிகாரக்காரன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்று எனக்கு முதலிலிருந்தே தோன்றியது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

“தொடர்பிலேயே இருப்போம் வெர்னாம்மா” என்று எல்லோரும் கட்டிப்பிடிக்க ஆரம்பித்தார்கள். இந்த வாக்கியத்தை ஒவ்வொரு தொடர் முடியும்போதும் கேட்டிருக்கிறேன். இதற்கு முன் ஒரு நர்ஸ் தொடர். அதிலிருந்த அத்தனை பேருக்கும் காலுறை பின்னிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் சூப்பர் மார்க்கெட்டில் பாலாடைக்கட்டி வாங்கும் இடத்தில் அந்தக் கதாநாயகியே எதிரில் வந்தாள். என் முகத்தையே பார்த்தாள். “நீங்க... எங்க பல் டாக்டர்கிட்ட இருந்தவங்கதானே?” என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பாவம், அவளை ஏன் சங்கடப்படுத்துவது.

அதனால் இந்தத் தடவை கொஞ்சம் முன்யோசனையோடு இருந்தேன். கடைசிக் காட்சி எடுத்தால்தானே கலைவார்கள்?

முதலில் இடிக்குருவியின் வெள்ளை அங்கியை சிவப்புத் தொப்பியோடு சேர்த்துத் துவைத்தேன். ரோஸ் நிறமாகிவிட்டது. “ஐஸ்கிரீம் குருவி வந்துட்டான்” என்று லாக்லனை ஓட்டித் தள்ளினார்கள். புது அங்கி வரும்வரை கூத்தும் கும்மாளமும்தான். அடுத்து, முட்டையும் பாலும் கலந்த பண்டிகைப் பானத்தைக் கொஞ்சம் வெயிலில் வைத்துவிட்டுப் பரிமாறினேன். பாதிப்பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். வீடு வீடாகப் போய் சூப் கொடுத்தேன். ஜோஸ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லேன்னா நாங்க என்னம்மா பண்ணுவோம்” என்றாள். அவள் அப்படிச் சொன்னது நிஜம். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் தயாரிப்பாளர்களுக்குப் பொறுமை போய்விட்டது. எல்லா உடையிலும் இரண்டிரண்டு தைத்து வைத்தார்கள். சாப்பாட்டுக்கு வெளியாளை வைத்தார்கள். நாளை எடுத்தே தீர வேண்டும் என்றார்கள். அதற்குமேல் எனக்கு என்ன வழி இருந்தது, நீங்களே சொல்லுங்கள்.

கோல்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாக்லனுக்குப் பதிலாகப் பறக்கிறவன், விழுகிறவன், அடி வாங்குகிறவன். அந்தக் கூட்டத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்தவன். உருளைக்கிழங்கு அடைத்த என் பெரோகிக் கொழுக்கட்டைகளை நின்றுகொண்டே ஒரு தட்டு காலி பண்ணுவான். “பறக்கிறவன் இப்படித் தின்னா கயிறு அறுந்துடும்டா” என்று லாக்லன் சீண்டுவான். “நிக்கிறதுக்கு உன்னை வச்சிருக்காங்க, விழுறதுக்கு என்னை வச்சிருக்காங்க. விழுறவனுக்குத்தான் பசிக்கும்” என்பான் கோல்பி. இதை நான் முக்கியமாக எடுத்துக்கொண்டேன். விழுவது அவனுக்குப் பழக்கம். வேறு யாரையும் நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் வேலைமுறை இதுதான். உடம்பில் முதலில் பறக்கிற கயிற்றை மாட்டும் வார்ப்பட்டை. அதைக் கயிறு கட்டுகிற மர்டோ ஒவ்வொரு தையலாக இழுத்துப் பார்ப்பான். அதன்மேல் இடிக்குருவி உடை. அதை மாட்டி ஜிப்பை ஏற்றுவது நான். ஏற்றிவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு மதியச் சாப்பாட்டின்போது, வேர்க்கிறது என்று கோல்பி முதுகு ஜிப்பை இறக்கிவிடச் சொன்னான். இறக்கிவிட்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அவன் தன் மனைவி தொட்டிலுக்கு மஞ்சள் நிறம் அடித்திருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். தையல் பிரிக்கிற சின்னக் கத்தி எப்போதும் என் கழுத்தில் தொங்கும். வார்ப்பட்டையின் தையல் நூலைத்தான் பிரித்தேன். பட்டையை நான் தொடவே இல்லை.

சாயங்காலம் காட்சிக்குக் கூப்பிட்டதும் திரும்ப ஜிப் ஏற்றி முடித்தபோது மர்டோ வந்தான்.

“ஒரு தடவை பார்த்துடறேனே வெர்னாம்மா.”

“இப்பத்தான் ஏத்தினேன் கண்ணு. பிரிச்சா அந்தப் பக்கம் ஒருத்தி கத்துவா.”

ஜோஸ்லின் அந்தப் பக்கம் உண்மையாகவே கத்திக்கொண்டிருந்தாள், வெயில் சாய்கிறது, வெளிச்சம் போகிறது என்று.

“உள்ள எல்லாம் சரியா இருக்குல்ல?”

“நான் மாட்டிவிட்டது என்னைக்குடா சரியில்லாம போச்சு?”

சிரித்தான். என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

கோல்பி கடைசியில் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டான். லாக்லன் மாட்டேன் என்று அடம் பிடித்ததை இவன் மறுபேச்சில்லாமல் வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான். நட்சத்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே போனபோது அவ்வளவு அழகாக இருந்தான். மரத்தின் உச்சிக்கும் மேலே போனான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். இயக்குநர் ‘கட்’ சொல்லும்வரை யாரும் எதையும் நிறுத்த மாட்டார்கள். ஜோஸ்லின் அதைச் சொல்லவில்லை. அதனால் அவன் விழுந்த பிறகும் குழந்தைகள் பாடிக்கொண்டே இருந்தார்கள், பனியும் கொட்டிக்கொண்டே இருந்தது. அவன் விழுந்ததும்கூடக் காட்சியில் ஒரு பகுதிதான் என்று நினைத்து ஒருவர் கை தட்டினார். நட்சத்திரம் மட்டும் ஒரு கிளையில் மாட்டிக்கொண்டு சாய்ந்து தொங்கியது.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வராது என்கிறார்கள். டாக்டர்கள் எப்போதும் பெரிதாகத்தான் சொல்வார்கள்.

ஆனால் நீங்கள் அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தை வந்து பார்த்திருக்க வேண்டும். தினமும் எல்லோரும் வந்தார்கள். லாக்லன், ஜோஸ்லின், விளக்குப் பிடிக்கிறவர்கள், பாடிய குழந்தைகளின் அம்மாக்கள். நான் பெரோகி கொண்டுபோனேன், ஒருத்தி நனைமோ இனிப்பு செய்து வந்தாள், யாரோ ஜன்னலில் வண்ண விளக்குகூடக் கட்டிவிட்டார்கள். ஹாக்கி பற்றிச் சண்டை, பழைய கதைகள், சிரிப்பு. லாக்லன் ஒருநாள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். எந்தத் தொடர் முடிந்தும் எனக்கு இப்படி ஒரு பண்டிகை கிடைத்ததில்லை. கோல்பியின் மனைவி என் கையை விடவே மாட்டாள். குழந்தைக்குச் சின்னத் தொப்பி பின்ன ஆரம்பித்திருக்கிறேன்.

மர்டோ மட்டும் வரவில்லை. தப்பு அவனுடையது என்று நீங்கள் எல்லோரும் முடிவு செய்துவிட்டீர்களாம், அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். ஒரு நாற்காலி காலியாகவே கிடக்கிறது. குடும்பம் என்றால் எல்லோரும் இருக்க வேண்டாமா? அதனால்தான் இன்று காலை நானாகவே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். நூலைப் பிரித்தவள் நான். மர்டோவுக்கு ஒன்றும் தெரியாது. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவனைப் போகச் சொல்லுங்கள், நேராக ஆஸ்பத்திரிக்கு.

வெளியே ஜோஸ்லின் குரல் கேட்கிறது, லாக்லன் குரலும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள், வழக்கம்போல. நான் சொன்னதை நீங்கள் அவர்களிடம் சொல்லிவிட்டீர்கள் போலிருக்கிறது. நல்லது, இனி மர்டோமேல் யாருக்கும் கோபம் இருக்காது.

“இந்தப் பெரோகித் தட்டை வெளியில கொடுத்துடறீங்களா கண்ணு, ஆறிடும். எனக்காகத்தானே எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க?”