குதிகால் பக்கம் இன்னும் ஈரம்

தென்றல்: …இல்லண்ணா, கரண்டியில தோண்டிப் பாத்துட்டேன், ஸ்பூன்ல பாத்துட்டேன். விரல் பக்கம் வரவே மாட்டேங்குது. குதிகால் பக்கம் மட்டும் இன்னும் ஈரமா இருக்குது. அப்பா வந்தா என்னைக் கொன்னுடுவாரு…

செழியன்: இரு, இரு. மொதல்ல மூச்ச விடு. எதத் தோண்டறே? பஸ் சத்தத்துல பாதி கேக்கல, ஸ்பீக்கர்ல போட்டுக்கறேன்.

தென்றல்: படிய.

செழியன்: எந்தப் படி?

தென்றல்: நம்ம வூட்ல எத்தினி படி இருக்குது? வாசப்படி. அதுல அம்மா கால் பதிஞ்சிருக்குதுல்ல… அத மூடிட்டேன்.

செழியன்: அந்தக் காலயா? எதால மூடினே?

தென்றல்: அப்பா பின்னாடி வெச்சிருந்த சிமெண்ட்டு. கொழைச்சு ஊத்தி மட்டமா தேய்ச்சுட்டேன். நல்லாத்தான் வந்துச்சு.

செழியன்: கொத்தனார் பொண்ணு. வராம எப்படி இருக்கும்.

தென்றல்: கிண்டல் பண்ணாத. அழுதுடுவேன்.

செழியன்: சரி, சரி. அப்பா எங்க?

தென்றல்: கிரிவலம். பௌர்ணமியாச்சே. அவரு கெளம்பினதும்தான் கொழைச்சேன். இந்நேரம் பாதி சுத்தி நிருதி லிங்கத்துக்கிட்ட வந்திருப்பாரு. வாசல்ல ஜனம் போய்ட்டே இருக்குது, ஒவ்வொரு நெழலும் அவரு மாதிரியே தெரியுது.

செழியன்: ஏண்டி மூடினே?

தென்றல்: நாளைக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க உன்னைப் பாக்க வர்றாங்கல்ல. ‘இன்னா கொத்தனாரு இவரு, சொந்த வாசப்படியே பள்ளமா கெடக்குது’னு சொல்ல மாட்டாங்களா?

செழியன்: அதுக்கா?

தென்றல்: அதுக்குத்தான்.

செழியன்: பாப்பா.

தென்றல்: …இன்னா?

செழியன்: ஊரே கேட்டுச்சு. ‘ஏன் சக்திவேலு, எல்லார் வூட்டுக்கும் மட்டம் பாக்கற, உன் படிய ஒரு நாளு பூச மாட்டியா’னு. அப்பா ‘நாளைக்கு’ன்னாரு. ஏழு வருஷமா அந்த நாளைக்கு வரல. உனக்கு மட்டும் இன்னைக்கு எப்படி வந்துச்சு?

தென்றல்: …சிரிக்க மாட்டியே?

செழியன்: மாட்டேன்.

தென்றல்: இங்கிலீஷ் கிளாஸ்ல ‘ஹார்டன்’னு ஒரு வெர்ப். கெட்டியாவறதுன்னு அர்த்தம். அர்த்தம் மட்டும் எழுதினா பத்தாதாம். வாக்கியத்துல வெச்சுக் காட்டணுமாம், உங்க வூட்ல நடந்த மாதிரி. எல்லாரும் பிரெட்டு, நெய்யின்னு எழுதினாங்க.

செழியன்: நீ?

தென்றல்: ‘மை மதர் லெஃப்ட் பிஃபோர் த சிமெண்ட் ஹார்டண்ட்.’

செழியன்: சிமெண்ட்டு கெட்டியாவறதுக்குள்ள அம்மா போயிடுச்சுன்னா எழுதினே?

தென்றல்: யோசிக்கவே இல்லண்ணா. கை எழுதிடுச்சு. டீச்சர் அத சத்தமா படிச்சு, ‘ஒரு வார்த்தைய இப்படித்தான் அதோட எடத்துல வெக்கணும்’னு போர்டுலயே எழுதிட்டாங்க. மணிமொழி திரும்பி, ‘இன்னும் வரலியாடி’ன்னா. மொத்தக் கிளாஸும் என்னையே பாத்துச்சு. பெல் அடிக்கற வரைக்கும் போர்ட அழிக்கவே இல்ல.

செழியன்: ‘எங்க அம்மா தாண்டிப் போவல, மிதிச்சுட்டுப் போச்சு’னு சொல்ல வேண்டியதுதானே.

தென்றல்: அப்படின்னா?

செழியன்: அன்னைக்கு நீ தூங்கிட்டே. அம்மா வேலைக்குப் போறேன்னுச்சு, அப்பா கூடாதுன்னாரு. வார்த்த வளந்துச்சு. ‘இந்தப் படியத் தாண்டினா திரும்பி வராத’ன்னுட்டாரு. அன்னைக்குச் சாயந்திரம் பூசின படி. அம்மா கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு நின்னுச்சு. அப்புறம் நட்டநடுவுல கால வெச்சு எறங்கிப் போச்சு. தாண்டலன்னு காட்டறதுக்கு.

தென்றல்: மெட்டி கூட பதிஞ்சிருக்கும், ரெண்டாவது விரல்ல. சின்னதா ஒரு கோடு…

செழியன்: மழ பேஞ்சா அதுல தண்ணி நிக்கும். நீ கப்பல் விடுவே.

தென்றல்: கப்பல் விட்டது நீ. நான் விட்டது எறும்பு.

செழியன்: ஆமா, நீஞ்சுதான்னு பாக்க. பாவி.

தென்றல்: கார்த்திகைக்கு அப்பா குதிகால் குழியில அகல் வெப்பாருல்ல? மத்ததெல்லாம் காத்துல அணைஞ்சாலும் அது மட்டும் நிக்கும்.

செழியன்: வேற யாரையும் அத ஏத்த விட மாட்டாரு.

தென்றல்: …ண்ணா. ஒன்னு சொல்லட்டுமா?

செழியன்: சொல்லு.

தென்றல்: வருஷா வருஷம் ஸ்கூல் தெறக்கற அன்னைக்கு, யாரும் பாக்காதப்ப அதுல என் கால வெச்சுப் பாப்பேன். மொத வருஷம் என் காலு அதுல தொலைஞ்சே போச்சு. போன வருஷம் விரல் பக்கம் மட்டும் கொஞ்சம் கம்மி.

செழியன்: இன்னைக்கும் வெச்சியா?

தென்றல்: ஸ்கூல் விட்டு வந்ததும். சரியா இருந்துச்சுண்ணா. ஒரு நூல் எடம் கூட மிச்சம் இல்ல. அதான்… இனிமே அந்தக் குழி யாருக்குன்னு தோணிச்சு. பொண்ணு வூட்டுக்காரங்கன்னு சொன்னது சும்மா.

செழியன்: அழாத.

தென்றல்: நீதான் மூக்க உறிஞ்சறே.

செழியன்: நான் இல்ல. பக்கத்து சீட்டு. சளி.

தென்றல்: திட்டேன். ஏன் திட்ட மாட்டேங்கறே?

செழியன்: திட்டற எடத்துல நான் இல்ல. பாப்பா, ஒன்னு சொல்றேன், கத்தாத. பொண்ணு வூட்ல பேச்சு ஆரம்பிச்சப்ப அப்பாகிட்ட கேட்டேன். ‘அம்மாவக் கூப்புடட்டுமா’னு.

தென்றல்: அம்மா எங்க இருக்குதுனு உனக்குத் தெரியுமா?

செழியன்: தெரியும். தாம்பரத்துல, ஒரு ஹாஸ்டல்ல சமையல். நான் மெட்ராஸ் வந்த புதுசுலயே கண்டுபுடிச்சுட்டேன்.

தென்றல்: இத்தினி நாளா… என்கிட்ட சொல்லல.

செழியன்: அம்மாதான் சொல்லாதன்னுச்சு. ‘அவ கொரலக் கேட்டா நானே ஓடி வந்துடுவேன். அந்த ஆளு கூப்புடாம வரக் கூடாது’ன்னுச்சு.

தென்றல்: அப்பா இன்னா சொன்னாரு?

செழியன்: கையில இருந்த சிமெண்ட்டச் சொரண்டிட்டே இருந்தாரு. அப்புறம், ‘படி அப்படியேதான் இருக்குதுனு சொல்லு’ன்னாரு. அவ்ளோதான்.

தென்றல்: ஐயோ…

செழியன்: அதத்தான் போய்ச் சொன்னேன்.

தென்றல்: ஏண்ணா முன்னாடியே சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தொட்டே இருக்க மாட்டேனே.

செழியன்: நீ கதவத் தெறக்கறப்ப நேர்லயே பாக்கணும்னு நெனச்சேன். என் புத்திய செருப்பால அடிக்கணும்.

தென்றல்: அப்ப… அம்மா வருதா?

செழியன்: கீழ்பென்னாத்தூர் தாண்டியாச்சு. பௌர்ணமி, ஊருக்குள்ள பஸ்ஸ விட மாட்டான். வெளியவே எறக்கிடுவான். அங்கேர்ந்து நடைதான்.

தென்றல்: நீ வர்றத யாரு கேட்டா? அம்மா எப்ப வருதுன்னு கேக்கறேன். விரல் பக்கம் உளி வெச்சுதான் ஒடைக்கணும். ஒடைச்சா அடியில இருக்கற பழசும் சேந்து பேந்துடும். மெட்டிக் கோடு போயிடும். குதிகால மட்டும் வழிச்சு எடுத்துட்டேன், கையெல்லாம் எரியுது… ண்ணா, அந்தப் பக்கத்து சீட்டு ஏன் இப்படி அழுவுது? யாரு அது? போன அங்க குடு…

அம்மா: தோண்டாத கண்ணு. சிமெண்ட்டு, கை வெந்துடும். மொதல்ல போய்க் கழுவு. குதிகால் இருக்குதுல்ல, போதும்… அகல் நிக்கும். நெசமாவா தென்றலு? உன் காலு என் அளவுக்கு வந்துடுச்சா?