ஒன்றாம் பிளாட்பாரத்துப் பயணிகள்

இரவு பதினொன்று நாற்பது. ஸ்டேஷன் சாலையில் ஈ காக்கை இல்லை. கடைசி வண்டி வர இன்னும் பன்னிரண்டு நிமிஷம்...

நெருங்கி உட்காருங்கள். இது நடந்தது நம் தையற்காரரின் சகலைக்கு. எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கி "சுத்தம்" என்பார். அதனால் ஸ்டேஷனில் அவருக்குச் சுத்தம் என்றே பெயர் விழுந்துவிட்டது. புதிதாக வந்த ஸ்டேஷன் மாஸ்டர். ஆள் ஐந்தடி, தலைக்கனம் பத்தடி. அவர் மனைவி, வாசலுக்கு யார் வந்தாலும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கிற மனுஷி. "சத்திரமா நடத்துற?" என்று அவளையும் விடமாட்டார். அவர் வாயில் விழாத ஒரே ஜீவன், வீட்டிலிருந்த ஆறு மாதக் கைக்குழந்தை. அதன் முகத்தைப் பார்க்கத்தான் தினமும் கடைசி வண்டியில் ஓடுவார். அந்த மட்டில் மனுஷன்தான்.

அந்த ஸ்டேஷனில் பிளாட்பாரம் இரண்டில்தான் தொடங்கும். சாலையிலிருந்து பூமிக்குள் இருபத்தெட்டுப் படி இறங்கினால் இரண்டு, அதன் முதுகில் மூன்று. இரண்டில் நின்று பார்த்தால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நீளமாக ஒரு சுவர், அதில் காற்றுக்கு விட்ட ஒரு கம்பி ஜன்னல். ஒன்றாம் பிளாட்பாரம் அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. ஆதியில் அது ஒன்றுதான் ஸ்டேஷன். நீளம் போதவில்லை என்று எதிரே இரண்டையும் மூன்றையும் கட்டி, ஒன்றை மூடச் சொன்னார்கள். மூடுகிற இரவும் அங்கே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வண்டி வந்தது, அந்தப் பக்கக் கதவு திறக்கவில்லை. அப்போதிருந்த மாஸ்டரும் இவரைப் போல ஒரு மேதாவி. "இருங்க, அடுத்தது வரும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போய்விட்டார். விடியுமுன் கொத்தனார்கள் வந்து சுவரை எழுப்பினார்கள். உள்ளே ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். கடைசி வண்டிக்கு முன்னால், டிக்கெட் கேட்டில் அன்றைக்கு யார் நிற்கிறாரோ அந்தக் கேட்காரர் இரண்டாம் பிளாட்பார ஓரத்தில் போய் நிற்பார். சுவரைப் பார்த்து, "இது உங்க வண்டி இல்லீங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்பார். அப்புறம்தான் சிக்னல். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் தப்பியதில்லை.

சுத்தம் அதைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"யோவ், சுவத்துக்கு என்னய்யா மரியாதை? சம்பளம் வாங்கிட்டு இந்தக் கூத்தா பண்றீங்க?"

"சொல்லிடுறது நல்லதுங்க" என்றார் கேட்காரர்.

"நானே சொல்றேன், இரு."

தவளை தன் வாயால் கெடும். மைக்கைப் பிடித்தார். "ஒன்றாம் பிளாட்பாரத்துப் பயணிகள் கவனத்திற்கு. உங்க வண்டி வருது. எல்லாரும் என்கூடவே வரலாம்."

கேட்காரர் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

சுவருக்குப் பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சென்று நகர்ந்தது... அப்புறம் இன்னொன்று. யாரோ இருமினார்கள். ஜன்னல் வழியே ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. அந்தச் சுவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். எலியாக இருக்கும் என்று சுத்தம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வண்டி வந்தது. இவர் பக்கக் கதவு திறந்தது... சுவர்ப் பக்கக் கதவும் திறந்தது. தான் அதைத் திறக்கவில்லை என்று டிரைவர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

பெட்டியில் ஒரு ஆள் இல்லை. ஆனாலும் சுத்தத்தால் உட்கார முடியவில்லை. எந்த சீட்டுக்கு நகர்ந்தாலும் முழங்காலில் ஏதோ இடித்தது. பிடித்துக்கொள்கிற கைப்பிடிகள் எல்லாம் ஆடாமல் விறைத்து நின்றன. மூச்சு முட்டச் சுண்ணாம்பு வாசனை. ஊரையே எடுத்தெறிந்து பேசுகிற மனுஷன், ஒரு கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றார். பார்க்கச் சகிக்கவில்லை.

வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனில் இறங்கினார். தெருவில் அவர் செருப்புச் சத்தம் ஒன்று... பின்னால் பல. அவர் நின்றால் அவையும் நின்றன. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. என்கூடவே வரலாம் என்று சொன்னவர் அவர்தான். எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்றும் நினைத்துப் பார்த்தார். வீட்டுக்கு. அங்கே குழந்தை இருக்கிறது.

மூன்று தெரு சுற்றினார், விடவில்லை. கால்கள் பழக்கத்தில் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விட்டன. கதவைத் தட்டவில்லை. திரும்பி, வெறும் தெருவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஜென்மத்தில் யாருக்கும் 'ங்க' போட்டுப் பேசாத வாய்.

"இது உங்க வீடு இல்லீங்க... கொஞ்சம் பொறுத்துக்குங்க..."

கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு மனைவி. அவரைப் பார்க்கவில்லை, அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"இத்தனை பேரைக் கூட்டிட்டு வர்றீங்க, ஒரு போன் பண்ணக் கூடாதா? உள்ள வாங்க, எல்லாரும் வாங்க."

வாசலில் செருப்புகள் கழலும் சத்தம்... ஒன்று... இரண்டு... நிற்கவே இல்லை.

"இந்தாங்க பெரியவரே, இவனைக் கொஞ்சம் பிடிங்க. தண்ணி கொண்டு வர்றேன்" என்று குழந்தையைச் சுத்தத்தின் தோளுக்கு மேலாக நீட்டி, கையை எடுத்தாள்.

குழந்தை கீழே விழவில்லை.