பூஜ்யத்தை அழித்த கரங்களுக்கு

அளவற்ற இறைவன்மீது மனிதர் வைத்த அன்பை அளக்க அளவுகோல் செய்த அண்ணலே! முப்பத்தோராண்டு முகம் சுளியாது, முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒரே குரலில் சமூகவியல் கற்பித்த சான்றோரே! பேராசிரியர் தேவாசீர்வாதம் ஐயா அவர்களே! பணி நிறைவு விழா அழைப்பிதழில் 'பேராசிரியர்' என அச்சிட்டது எங்கள் அன்பு, பதவி உயர்வு ஆணை வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

2006இல் இருபது கேள்விகள், நாற்பது மதிப்பெண்கள் வகுத்தீர்கள். வாரத்தில் எத்தனை முறை ஆலயம், நாளில் எத்தனை முறை வழிபாடு, ஆண்டில் எத்தனை நேர்த்திக்கடன். ஒத்திகையாக எங்களையே நிரப்பச் சொன்னீர்கள். ஒருவர் விடாமல் முப்பத்தெட்டு வாங்கினோம். மீதி இரண்டை அடக்கம் கருதி விட்டுவைத்தோம்.

பிறகு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்குப் போனீர்கள். மருந்து கலக்கும் அறை வாசலில் வரிசையாய்க் கிடந்த செருப்புகளைக் கண்டு, உள்ளே சாமி படம் இருக்கிறதென்று எண்ணி, அங்கே வேலை செய்த வள்ளித்தாய்க்கு ஐந்து மதிப்பெண் போட்டீர்கள். அவர் சிரித்தாராம்.

"அது சாமிக்கில்ல சார். செருப்பு உரசுனா அம்புட்டுப் பேரும் போய்ச் சேந்துருவோம்."

ஐந்தையும் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள். கோயிலுக்குப் போவதுண்டா என்றதற்கு, விடியுமுன் வண்டி வந்துவிடும், ஞாயிறு துணி துவைக்கவே சரியாக இருக்கும் என்றாராம். "நீங்கதான் இம்புட்டு அக்கறையாக் கேக்கீகளே, எங்களுக்கும் சேத்துக் கும்பிட்டுக்கிடுங்க."

நாற்பதுக்குப் பூஜ்யம். ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மூன்றாம் மாதம் அந்த அறை வெடித்தது. வள்ளித்தாயோடு ஆறு பேர். நீங்கள் போனபோது அறை இல்லை. சிதறிய செருப்புகளை யாரோ பொறுக்கி, கருவேல மரத்தடியில் ஜோடி சேர்த்து வைத்திருந்தார்கள். அவருடையது எது என்று உங்களுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து, அவருடைய படிவத்தில் பூஜ்யத்தை அழித்தீர்கள். வேறு எண் எழுதவில்லை. வெற்றுக் கட்டத்தோடு வந்த அறிக்கையை ஏற்க இயலாதென்று பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பியது. பழைய பூஜ்யத்தையே போட்டுவிடுங்கள், இறந்தவருக்கு என்ன நட்டம் என்று துறைக் கூட்டத்தில் சொன்னோம்.

"எனக்குத் தெரியலையே" என்றீர்கள். அவ்வளவுதான்.

அறிக்கை நின்றது, பதவி உயர்வும் நின்றது. 'ஆய்வாளரின் மெத்தனம்' என்ற அன்றைய தீர்மானத்தில் கையெழுத்திட்ட அதே ஒன்பது பேர்தான் இன்று கீழே ஒப்பமிடுகிறோம்.

ஐயா, நலமோடும் நிறைவோடும் நெடுங்காலம் வாழ்க! எங்கள் முப்பத்தெட்டுக்கு இந்த வாழ்த்தாவது பலிக்கட்டும்.

இந்த மடலை வாசிக்க வருமுன் அரங்க வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தோம். சாமிக்கில்லை.

சமூகவியல் துறை ஆசிரியர்கள் ஒன்பதின்மர்
விருதுநகர், 29.5.2009