ஓடுகிற சர்வரை நிறுத்தியவள்

சமயநல்லூர் பஸ்ஸில் என் முன் சீட்டிலிருந்த கால் சென்டர் பெண், பக்கத்திலிருந்த தன் அண்ணன் மனைவியிடம் பெருமையாகச் சொன்னாள்:

"கால் எல்லாம் வர்ற கம்ப்யூட்டரு, நல்லா ஓடிக்கிட்டிருந்த சர்வர, இன்னைக்கு நானே நிப்பாட்டிட்டேன், மதினி."

"அய்யய்யோ! வேலைய விட்டுத் தூக்கிட்டாகளா?"

"அதான் என் வேலையே. ஒரு சர்வர் நின்னா இன்னொண்ணு தானா கால எடுத்துக்கிறணும். எடுக்குதான்னு மாசம் ஒருக்கா நிப்பாட்டிப் பாக்கணும்."

"எடுத்துச்சா?"

"லைன்ல எம்புட்டுப் பேரு காத்திருக்காகன்னு மேனேஜர் ஸ்கிரீனையே பாத்துக்கிட்டிருந்தாரு. அந்த நம்பர் மாறிக்கிட்டேதான் இருந்துச்சு, ஒரு நிமிசங்கூட அப்படியே நிக்கல. நின்னிருந்தா என் வேலை போயிருக்கும். போன் பண்ணுனவுக ஒருத்தருக்கும் தெரியல மதினி!"

"தெரியலைன்னா உன்னைய யாரு மெச்சுறது?"

கண்டக்டர் வந்தார்.

"ரெண்டு சமயநல்லூர் குடுங்கண்ணே," என்ற மதினி, காசை நீட்டாமல் தொடர்ந்தாள். "இந்தா, எங்க நாத்தனா. ஓடுற சர்வரவே இன்னைக்கு நிப்பாட்டிருச்சு. போன் பண்ணுனவுக ஒருத்தருக்கும் தெரியல!"