மூவாயிரம் சுற்றில் ஒரு விசில்

– விசில்னா விசில்தான், ஒகித்சு அண்ணே. கெட்டில்ல தண்ணி கொதி வர்றதுக்கு முன்னாடி மெல்லிசா ஒண்ணு ஆரம்பிக்குமே, அது மாதிரி. எஞ்சின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்தைத் தாண்டினா வருது, காலை எடுத்தா போயிடுது.

– இங்க பாருங்க, மகாபே மேடம். ஏர் ஃபில்டரை மாத்தணும்னு வந்தது நீங்க. கம்பெனி டப்பாவைக் கழட்டிட்டு இவ்வளவு பெரிய ஃபில்டரைப் போட்டா, எஞ்சின் காத்தை உறிஞ்சுற சத்தம் கேக்கத்தான் செய்யும். அந்தச் சத்தத்துக்காகவே ஆளுங்க டோக்கியோவுலேர்ந்து என் கடைக்கு வர்றாங்க.

– உறிஞ்சுற சத்தம் எனக்குத் தெரியாதா? அது ‘ஹோ’ன்னு வந்து நெஞ்சுல விழும். அது அருமையா இருக்கு, அதைப் பத்தி நான் வாயே திறக்கல. இது வேற. இது ‘சீ’ன்னு வருது. பல்லு கூசுது.

– இன்னும் பழக்கம் ஆகல உங்களுக்கு. ஒரு மாசம் ஓட்டுங்க.

– ஒரு மாசமா! மாட்டிக் குடுத்து அஞ்சு வாரம் ஆச்சு, அண்ணே. இப்ப நான் வந்து நிக்கிறது மூணாவது தடவை. வாரத்துல ஆறு நாள் ஹகோனே மலையில பஸ்ஸை ஏத்தி இறக்குறவ நான். உள்ள டூரிஸ்ட் கூட்டம், பெட்டி, அழுற குழந்தை. ஏழாவது நாள் என் சிவப்புக் காரை எடுத்துக்கிட்டு அதே மலையில என் இஷ்டத்துக்கு ஏறணும். அந்த ஒரு ஆசைக்குத்தான் இவ்வளவும். இப்ப அந்த ஏழாவது நாளை உங்க கடை பெஞ்சுல பார்லி டீ குடிச்சே தீக்கிறேன்.

– போன தடவை பின்னாடி சைலன்சர் கேஸ்கட்டை மாத்திக் குடுத்தேனே. அது நல்லாத்தான் இருந்துச்சு. இருந்தும் மாத்தினேன்.

– முன்னாடி வர்ற சத்தத்துக்குப் பின்னாடி மாத்தினீங்க! அப்பவே சொன்னேன்.

– இங்க பாருங்க...

– என்னங்க, போன் பத்து தடவை அடிச்சு ஓய்ஞ்சு போச்சு. கைக்கெட்டுற தூரத்துலதானே நிக்கிறீங்க?

– கஸ்டமர்கிட்ட பேசிட்டிருக்கேன், சுமியே. பாத்தா தெரியல?

– இல்ல, வந்து... நான் மாடியில துணி காயப் போட்டுட்டு இருந்தேன். எனக்கே கேட்டுச்சு, அதான். வாங்க மகாபே, இன்னும் அதே தொந்தரவா?

– அதேதான் அக்கா. உங்க வீட்டுக்காரர் என்னடான்னா பழகிக்கோங்கிறார். செருப்பு கடிக்குதுன்னு சொன்னா காலைப் பழக்கிக்கோன்னு சொல்ற மாதிரி.

– பின்ன வேற என்னத்தைச் சொல்றது? சைலன்சர் பாக்க வந்த அன்னிக்கு இவங்க நின்ன நிலை உனக்கு ஞாபகம் இருக்கா, சுமியே? டைட்டானியம் வேணும், குழாய் பருமனா வேணும், நடுவுல இருக்கிற சின்ன டப்பா வேண்டாம். நடு டப்பாவை எடுத்தா ஹைவேயில மண்டைக்குள்ள வண்டு சுத்தும், இன்ஸ்பெக்‌ஷன்ல மீட்டர் வெச்சா சத்தம் தொண்ணூத்தாறு டெசிபலைத் தாண்டும், வண்டியைத் திருப்பி அனுப்பிடுவான்னு சொல்லி ஸ்டெயின்லெஸ் வாங்க வெச்சது யாரு?

– நீங்கதான். அதுக்குத்தான் அன்னிக்கே கும்பிடு போட்டேனே! சைலன்சர்ல ஒரு குறை சொல்ல மாட்டேன். ஃபில்டரையும் திறந்தாப்புல வெச்சா எஞ்சின் தன் சூட்டைத் தானே உறிஞ்சி மேட்டுல மூச்சு வாங்கும், டப்பாவுக்குள்ள வெச்சு முன்பக்கத்துலேர்ந்து குளிர்ந்த காத்து வர்ற மாதிரி குழாய் போடுங்கன்னீங்க. கேட்டேன். மேட்டுல என்னமா இழுக்குது தெரியுமா! ஆனா அந்த ‘சீ’. சிக்னல்ல நின்னா மீட்டர் முள் வேற மேலயும் கீழயும் ஆடுது. எங்கேயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுதுன்னு பஸ் ஓட்டுற எனக்கே படுது. உங்களுக்குப் படலையா?

– என் கையால மாட்டினது அது. எங்கேயும் போகாது.

– என்னங்க, ஒரு தடவை பானட்டைத் திறந்துதான் பாத்துடுங்களேன்.

– நீ சும்மா இரு, சுமியே. சாவியைக் குடுங்க மேடம். ஒரு ரவுண்டு போயிட்டு வந்து சொல்றேன்.

– ம்ஹூம். போன ரெண்டு தடவையும் வண்டியை விட்டுட்டுப் போனேன், நீங்க தனியா ஓட்டிப் பாத்துட்டு ‘ஒண்ணும் இல்ல’ன்னீங்க. இந்தத் தடவை நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க. ஏறுங்க. பெல்ட்டைப் போடுங்க.

*

– ஆரஞ்சுத் தோப்பு தாண்டட்டும், அப்புறம் மேடுதான். இப்ப ரெண்டாயிரத்து எண்ணூறு. கவனிங்க. இதோ! கேக்குதா?

– சைலன்சர் நல்லாப் பேசுது.

– அதையா கேட்டேன் நான்?

– காலை எடுத்துட்டு மறுபடி மிதிங்க.

– மிதிச்சாச்சு. இதோ வருது, இதோ!

– ஜன்னலை இறக்குங்க. ரெண்டையும்.

– இறக்கியாச்சு. நவம்பர் குளிர்ல மூக்கு அறுந்து விழப்போகுது. இப்பவாவது கேக்குதா?

– மூணாவது கியர்லயே வைங்க. இப்ப இருக்கா?

– இருக்கு.

– இப்ப?

– இப்பவும் இருக்கு, அண்ணே.

– எந்தப் பக்கம்?

– இடது பக்கம். உங்க முழங்காலுக்கு நேர் முன்னாடி. என்னைவிட உங்களுக்குத்தான் கிட்ட.

– இன்னொரு தடவை.

– இதோட எத்தனை தடவை? பின்னாடி ஒருத்தன் லைட்டை அடிச்சுக் காட்டுறான்.

– அவன் போகட்டும், வழி விடுங்க. ஒரே ஒரு தடவை. மெதுவா ஏத்துங்க, சட்டுனு மிதிக்காதீங்க. கொஞ்சம் பேசாம இருங்க.

– சரி... ரெண்டாயிரத்து ஐநூறு... மூவாயிரம்... மூவாயிரத்து ஐநூறு. இப்பச் சொல்லுங்க.

– ம்.

– என்ன ‘ம்’?

– ஒண்ணும் இல்ல. வண்டி நல்லா இருக்கு. திருப்புங்க, கடைக்குப் போலாம்.

– என்ன மனுஷன்யா நீங்க! எனக்கு மண்டைக்குள்ள ஊசி குத்துது. பக்கத்துல கல்லு மாதிரி உக்காந்துக்கிட்டு ஒண்ணும் இல்லைங்கிறீங்க. பொம்பளைக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்னு நினைப்பா?

– அப்படி நினைச்சிருந்தா உங்க வண்டியைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

– அப்புறம்? என்னைப் பைத்தியம்னு நினைக்கிறீங்களா?

– ரோட்டைப் பாத்து ஓட்டுங்க, மேடம்.

*

– சுமியே அக்கா, நான் கிளம்புறேன். உங்ககிட்ட சொல்லிட்டுப் போகத்தான் இறங்கினேன். ஹிராத்சுகாவுல வேற கடை இருக்காம். எல்லாத்தையும் கழட்டிட்டுப் பழையபடி கம்பெனி சாமானையே மாட்டச் சொல்லப் போறேன். எனக்கு ஒரு ‘ஹோ’வும் வேண்டாம்.

– அவருக்குக் கேக்கலையா?

– கேக்கலையாம்! பத்து தடவை ஏத்திக் காட்டிட்டேன்.

– மகாபே, போறதுக்கு முன்னாடி பானட்டை நீங்களே திறந்து பாத்துடுங்க.

– சுமியே!

– அவங்க வண்டிங்க. அவங்க திறக்கட்டும்.

– எல்லாம் சூடா இருக்கு, கை வெச்சுடப் போறாங்க. மேடம், வேண்டாம். நில்லுங்க.

– நகருங்க, அண்ணே. தினம் பஸ் எடுக்கும்போது எல்லாத்தையும் திறந்து பாத்துட்டுத்தான் எடுக்கிறேன். சூடு எனக்குப் புதுசில்ல. இடது பக்கம்... டப்பா, குழாய், குழாயைப் பிடிச்சிருக்கிற இந்தக் கிளாம்ப். அண்ணே, இந்த வெள்ளைக் கோடு என்ன?

– நான் பெயின்ட்ல போட்டது. ஸ்க்ரூவை இறுக்கினதும் ஸ்க்ரூ மேலயும் கிளாம்ப் மேலயும் சேத்து ஒரே கோடா இழுத்துடுவேன். அப்புறம் யாராவது திருப்பினா கோடு உடைஞ்சு காட்டிக் குடுத்துடும்.

– அப்போ இது உடைஞ்சிருக்கு. ஸ்க்ரூ மேல இருக்கிற பாதி ஒரு பக்கம் பாக்குது, மீதிப் பாதி வேற பக்கம் பாக்குது. இங்க பாருங்க, கையாலயே சுத்துது! ரப்பர் குழாய் விழப்போற பல்லு மாதிரி ஆடுது. இந்தச் சந்து வழியாத்தான் காத்து போகுது. மூணு தடவை வந்தேனே, அண்ணே! ஒரு தடவைகூட இதைத் திறந்து பாக்கணும்னு தோணலையா?

– இறுக்கிக் குடுத்துடறேன். என் தப்பு.

– என்ன சொன்னீங்க?

– சரியா இறுக்காம விட்டுட்டேன். நான்தான். மன்னிச்சிடுங்க.

– இவ்வளவு நேரம் மல்லுக்கு நின்னுட்டு இப்ப இவ்வளவு சுலபமா ஒத்துக்கிறீங்க? இறுக்காமலேயா கோடு போட்டீங்க? யார் காதுல பூ சுத்துறீங்க?

– அவர் இறுக்கித்தான் இருந்தார்.

– சுமியே, நீ உள்ள போ.

– போக மாட்டேன். செய்யாத தப்பை எதுக்கு உங்க தலையில போட்டுக்கிறீங்க? மகாபே, இவர் சரியாத்தான் மாட்டினார், ஓட்டியும் பாத்தார். அப்புறம் வண்டியைக் கழுவித் தொடைக்க என்கிட்ட விட்டுட்டுச் சாப்பிடப் போனார். அப்பத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுத்து... நான்தான் தளர்த்தி விட்டேன்.

– நீங்களா?

– நான்தான்.

– என் வண்டியிலயா? உங்க வீட்டுச் சண்டைக்கு என் வண்டிதான் கிடைச்சுதா, அக்கா? அஞ்சு வாரமா எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நினைச்சு டெப்போவுல நாலு பேரை ஏத்திக் கேக்க வெச்சேன். உங்களை நான் எவ்வளவு நல்லவங்கன்னு நினைச்சிருந்தேன்!

– திட்டுங்க. திட்ட வேண்டியதுதான். உங்க எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுதான் அந்த இடத்துல கை வெச்சேன். அதுக்காக அது நியாயம்னு சொல்லல.

– எதுக்குச் செஞ்சீங்க? அதையாவது சொல்லுங்க.

– இவருக்குக் காது போயிட்டு வருது. முழுசா இல்ல. கனமான சத்தமெல்லாம் நல்லாக் கேக்கும். சைலன்சர் உறுமறது கேக்கும், நீங்க பேசுறதும் முக்கால்வாசி கேக்கும். மெல்லிசா, கூர்மையா வர்றது எதுவுமே கேக்காது. போன் மணி, கெட்டில், பறவை. ரெண்டு வருஷமா சொல்றேன். ரெண்டு தடவை டாக்டர்கிட்ட நாள் வாங்கிக் குடுத்தேன். ரெண்டு தடவையும் போறேன்னு கிளம்பிப் போய் மீன் மார்க்கெட்டுல சாப்பிட்டுட்டு வந்து, டாக்டர் ஒண்ணும் இல்லைன்னுட்டார்னு சொன்னார்.

– சுமியே, போதும்.

– போதாது. செப்டம்பர்ல, தூக்கி நிறுத்தியிருந்த ஒரு வேன் ஸ்டாண்டுலேர்ந்து மெல்ல நழுவ ஆரம்பிச்சுது, மகாபே. இவர் அடியில படுத்திருக்கார். நான் வாசல்லேர்ந்து பாத்துட்டு கத்துறேன், தொண்டை கிழியக் கத்துறேன். எதிர்க்கடைக்காரர் தெருவைத் தாண்டி ஓடி வந்துட்டார், இவர் அசையல. ஏதோ பாட்டைப் பாடிக்கிட்டு நட்டைத் திருகிட்டிருந்தார். ரெண்டு காலையும் பிடிச்சு நான் இழுத்த இழுப்புல சட்டை பட்டனெல்லாம் தெறிச்சுது. இவர் தலை இருந்த இடத்துல வேன் உக்காந்துச்சு. எழுந்து நின்னு என்ன சொன்னார் தெரியுமா? ‘வேற நினைப்புல இருந்துட்டேன்.’

– ஐயோ... அக்கா.

– மனுஷங்க சொன்னா நம்ப மாட்டார். வண்டி சொன்னா நம்புவார்னு நினைச்சேன். புகார் வரும், ஓட்டிப் பாப்பார், கேக்காது. அப்புறம் பானட்டைத் திறப்பார். கோடு உடைஞ்சிருக்கும். இவ்வளவு பெரிய சந்து, இவ்வளவு சத்தம், நமக்குக் கேக்கலையேன்னு அவருக்கே உறைக்கும். ஒரே வாரத்துல என்னைப் பிடிச்சுத் திட்டுவார், அடுத்த நாளே கையோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடலாம்னு கணக்குப் போட்டேன்.

– அதுக்கு என்னை ஏன் பிடிச்சீங்க? எத்தனை வண்டி வருது!

– மத்தவங்க ‘பழகிக்கோங்க’ன்னா சரின்னு போயிடுவாங்க. நீங்க விட மாட்டீங்க.

– புகழ்றீங்களா, அக்கா?

– உண்மையைச் சொல்றேன். ஆனா நான் நினைச்ச மாதிரி நடக்கல. உங்ககூடச் சண்டை போட்டார், கேஸ்கட்டை மாத்தினார், பழகிக்கோங்கன்னார். பானட்டை மட்டும் திறக்கவே இல்ல. தன் கை வேலையில குத்தமே வராதுன்னு அவ்வளவு திமிர்.

– திறந்தேன்.

– என்ன?

– முதல் தடவை இவங்க வண்டியை விட்டுட்டுப் போனாங்களே, அன்னிக்கே திறந்தேன். கோடு உடைஞ்சிருந்துச்சு. கடையில நாம ரெண்டே பேர். நான் திருப்பல.

– தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா இறுக்கல?

– தெரிஞ்சுதான்.

– அண்ணே, இறுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம். இந்த அரை நிமிஷ வேலைக்கா என்னை அஞ்சு வாரம் அலைய விட்டீங்க?

– சத்தம் கண்டிப்பா வருதுன்னு தெரிஞ்ச வண்டி ஊர்ல இது ஒண்ணுதான், மேடம். இறுக்கிட்டா அது நின்னுடும். ஒரே ஒரு தடவை அந்த விசில் என் காதுல விழுந்துடட்டும், அப்புறம் இறுக்கிக்கலாம்னு வெச்சிருந்தேன். நீங்க விட்டுட்டுப் போன நாள் எல்லாம் காலையில மலைக்கு எடுத்துட்டுப் போனேன். ஜன்னலை இறக்கி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு... இன்னிக்கும் விழல, சுமியே.